கண்ணில் முடிவது தோலில் ஏன் முடிவதில்லை? ஓசிடி படங்களைப் பற்றி ஒரு பதில்

கேட்கப்பட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரிழிவு நோயுள்ள தம் தாயாரின் விழித்திரையை ஓசிடி (திசுவை வெட்டாமல் ஒளியால் அதன் குறுக்குவெட்டைப் படமெடுக்கும் முறை) கருவியில் படமெடுத்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாடையைத் தாங்கியில் வைத்துச் சில விநாடிகள் ஒரு பச்சை விளக்கைப் பார்த்ததோடு வேலை முடிந்துவிட்டதாம். கையில் கொடுத்த படத்திலோ விழித்திரையைக் கத்தியால் நறுக்கிப் பக்கவாட்டில் வைத்ததுபோல் அடுக்கடுக்காகத் தெரிந்ததாம். அதே தாயாரின் மூக்கோரத்தில் சில மாதங்களாக ஆறாத ஒரு சிறு முடிச்சு இருக்கிறது. அதிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் தோல் மருத்துவர். கண்ணை வெட்டாமலே உள்ளே பார்க்க முடிகிறபோது மூக்கை மட்டும் ஏன் வெட்ட வேண்டும், அந்தக் கருவியையே மூக்கின்மேல் திருப்பினால் ஆகாதா என்பது கேள்வி. நியாயமான கேள்விதான். அதற்கு நேராக விடை சொல்வதற்குமுன், ஓசிடி படத்தில் நாம் பார்ப்பது எதை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

நான் மருத்துவன் அல்லன். திசுக்களை ஒளியால் படமெடுக்கும் கருவிகளைக் கட்டுவதிலும், அவற்றை மாணவர்களுக்குச் சொல்லித்தருவதிலும் பல ஆண்டுகளைக் கழித்தவன். ஆகவே கருவி எதைக் காணும், எதைக் காணாது என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். தங்கள் தாயாருக்கு என்ன நோய் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன்.

ஓசிடியை விளக்குவோர் எல்லோரும் "ஒலிக்குப் பதில் ஒளியைக் கொண்டு எடுக்கும் அல்ட்ராசவுண்ட்" என்பார்கள். தொடக்கத்துக்கு அது போதும். வயிற்றுக்குள் அனுப்பிய ஒலி எத்தனை நேரம் கழித்து எதிரொலித்துத் திரும்புகிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவதுதான் அல்ட்ராசவுண்ட். ஒளியோ திசுவில் செல்லும் ஒலியைவிட ஏறத்தாழ 2 லட்சம் மடங்கு வேகமானது. 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தொலைவு சென்று திரும்ப அதற்கு ஆகும் நேரம், ஒரு நானோவிநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இதை அளக்கும் மின்னணுச் சுற்று எதுவும் கிடையாது. ஆகவே நேரத்தை அளக்காமல், திரும்பி வரும் ஒளியை அதன் உடன்பிறப்போடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். ஒரே மூலத்திலிருந்து வரும் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் திசுவுக்கும் மற்றொன்றைத் தொலைவு தெரிந்த ஒரு கண்ணாடிக்கும் அனுப்பி, இரண்டையும் திரும்பச் சேர்ப்பது பள்ளியில் படித்த மைக்கல்சன் குறுக்கீட்டுமானியின் வேலைதான். லேசர்போல் ஒற்றை நிறமுள்ள ஒளியானால் பாதைகள் பல மீட்டர் வேறுபட்டாலும் வெளிச்சமும் இருளுமான குறுக்கீட்டு வரிகள் தெரியும். அகன்ற அலைநீளப் பட்டையுள்ள ஒளியைப் பயன்படுத்தினால் இரு பாதைகளும் சில மைக்ரான் அளவுக்குள் சமமாக இருந்தால் மட்டுமே தெரியும். கருவியின் நுட்பம் முழுவதும் இதில் அடக்கம். ஒளி எவ்வளவு ஓரியல்பு (அலைகளின் ஒத்திசைவு) குறைந்ததாக இருக்கிறதோ அவ்வளவு கூர்மையாக ஆழத்தைச் சொல்ல முடியும். 840 நானோமீட்டரை மையமாகக் கொண்ட, 50 நானோமீட்டர் அகலமுள்ள பட்டைக்கு, ஆழத்தில் பிரித்தறியக்கூடிய மிகச்சிறு அளவு காற்றில் 6 மைக்ரானுக்குச் சற்று மேல் வரும். திசுவின் ஒளிவிலகல் எண்ணால் வகுத்தால் ஏறத்தாழ 4.5 மைக்ரான்.

1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் புஜிமோட்டோ உள்ளிட்டோர் இந்த முறையை அறிவித்தபோது, உடலிலிருந்து எடுக்கப்பட்ட விழித்திரையையும் இதயத் தமனியையும் படமெடுத்துக் காட்டினார்கள். (இம்மூவருக்கும் 2023இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.) அந்த இரண்டு திசுக்களே பின்னாளில் இந்தக் கருவியின் இரு பெரும் களங்களாயின என்பதைப் பார்க்கும்போது அவர்களுடைய தேர்வின் மீது மதிப்பு கூடுகிறது. அன்றைய கருவிகளில் ஒப்பீட்டுக் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டியிருந்ததால் வேகம் குறைவு. 2000களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்த ஸ்ட்ராட்டஸ் கருவி விநாடிக்கு 400 ஆழக்கோடுகளையே (ஓரிடத்தில் மேலிருந்து கீழாக எடுக்கும் ஒற்றை அளவீடு) எடுத்தது. 512 கோடுகள் கொண்ட ஒரு படத்துக்கு ஒன்றேகால் விநாடி ஆகும், அதற்குள் கண் அசைந்துவிடும். இப்போது கண்ணாடியை நகர்த்துவதில்லை. திரும்பிய ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதில் தெரியும் நெளிவுகளைக் கணிதத்தால் ஆழமாக மாற்றுகிறார்கள். விநாடிக்கு ஒரு லட்சம் கோடுகள் என்பது இன்று வியப்புக்குரிய வேகமன்று.

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர் எவரானாலும் முதலில் படமெடுப்பது வெங்காயத்தைத்தான். தோலுரித்த வெங்காயத்தின் ஓர் இதழைக் கருவியின் கீழ் வைத்தால், தேன்கூட்டைக் குறுக்கே வெட்டியதுபோல் அறையறையாகச் செல்கள் வந்து நிற்கும். "சார், செல் தெரிகிறது" என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு குரல் எழும். உடனே தன் விரல் நுனியை வைத்துப் பார்ப்பார்கள். மேலே மங்கலான தடித்த அடுக்கு, அதுதான் விரல் நுனியின் கெட்டித்தோல். அதனுள்ளே திருகாணி வடிவில் பளிச்சென்று ஏறிவரும் வியர்வைக் குழாய்கள். அதன் கீழே உயிருள்ள மேல்தோல், அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் கரைந்து மறையும் உட்தோல். வியர்வைக் குழாய் அத்தனை அழகாகத் திருகிச் செல்வதை முதன்முறை பார்ப்பவர்கள் கொஞ்சநேரம் பேசமாட்டார்கள். பிறகு தேடத் தொடங்குவார்கள்: செல் எங்கே?

செல் இருக்கிறது, தெரிவதில்லை. வெங்காயச் செல் நூறு மைக்ரானைத் தாண்டி நீளும். உள்ளே பெரும்பாலும் தெளிந்த நீர். சுவர் தடிப்பானது, உள்ளிருக்கும் நீரிலிருந்து ஒளிவிலகல் எண்ணில் நன்றாக வேறுபட்டது. மனிதச் செல்லோ ஏறத்தாழ 10 மைக்ரான்தான்; பக்கத்துச் செல்லிலிருந்து ஒளியியல்ரீதியாக அதைப் பிரித்துக்காட்ட ஏதுமில்லை. ஆழவாக்கில் கருவியின் பகுதிறன், அதாவது அது பிரித்துக்காட்டக்கூடிய மிகச்சிறு அளவு, 5 மைக்ரானாக இருக்கலாம். பக்கவாட்டிலோ அது குவிலென்ஸைப் பொறுத்தது. வழக்கமான கருவிகளில் 10 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். லென்ஸை மாற்றி இதை ஒரு மைக்ரானாக்க முடியாதா என்றால் முடியும், ஆனால் அப்போது குவியம் பொருந்தும் ஆழம் மிகக் குறுகிவிடும். செல் தெரியும், குறுக்குவெட்டுப் படம் போய்விடும். பாரிஸில் கிளோட் பொக்காராவின் குழு வளர்த்தெடுத்த முழுப்புல ஓசிடி ஏறத்தாழ இந்த வழியில் சென்று, வெட்டி எடுத்த திசுக்களில் ஒரு மைக்ரான் அளவிலான விவரங்களைக் காட்டுகிறது. அது வேறு கருவி, வேறு பயன்.

போதாததற்கு, படம் முழுவதும் மிளகுப்பொடி தூவியதுபோல் ஒரு புள்ளிக்கோலம் இருக்கும். ஸ்பெக்கிள் என்று சொல்வோம். அருகருகே உள்ள பல சிறு சிதறல் மையங்களிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாக்கும் கோலம் அது. அந்தப் புள்ளிகளின் அளவு ஏறத்தாழ கருவியின் பகுதிறன் அளவாகவே இருக்கும் என்பதால், பார்ப்பவர் கண்ணுக்கு அவை செல்களைப்போலவே தோன்றும். புதிதாக வருவோர் பலரும் இதில் விழுந்திருக்கிறார்கள். சிறிது நகர்ந்து மீண்டும் படமெடுத்து, பல படங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால் புள்ளிகள் கரைந்து அடுக்குகள் மட்டும் நிற்கும். எனவே ஓசிடி படத்தில் தெரியும் அடுக்கை நம்பலாம். தெரியும் புள்ளியை நம்பக் கூடாது. என் மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில் முதன்மையானது இதுதான்.

இனி கண்ணுக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வருகிறேன். கண் என்பது இயற்கையே திறந்துவைத்த சன்னல். கருவிழி (கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கார்னியா), லென்ஸ், கண்ணாடித் திரவம் எல்லாம் தெளிவானவை. அவற்றைக் கடந்து செல்லும் ஒளி அதிகம் சிதறாமல் விழித்திரையை அடைகிறது. விழித்திரையும் கால் மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள, பாதி ஒளிபுகும் திசு. அதன் அடுக்குகளும் ஒளிக்கு வாய்ப்பாகவே அமைந்திருக்கின்றன: நரம்பிழைகள் கிடையாக ஓடும் அடுக்குகள் பளிச்சென்று ஒளியைத் திருப்பும், செல் உட்கருக்கள் நெருங்கிய அடுக்குகள் இருண்டிருக்கும். ஒன்றுவிட்டு ஒன்று வெளிச்சமும் இருளுமாக இருப்பதால்தான் தங்கள் கையிலுள்ள படம் அவ்வளவு துலக்கமாக இருக்கிறது. விழித்திரைக்காகவே இந்த முறை பிறந்ததோ என்று எனக்குச் சிலவேளை தோன்றும்.

தோல் அப்படியன்று. கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்கும் உட்தோல், ஒளியைப் பொறுத்தவரை பால் போன்றது. பாலில் ஒளி உறிஞ்சப்படுவதில்லை, சிதறுகிறது. தோலிலும் முதன்மையான தடை சிதறல்தான். ஒருமுறை மட்டும் சிதறி நேராகத் திரும்பிய ஒளிதான் எந்த ஆழத்திலிருந்து வந்தது என்ற செய்தியைச் சுமந்து வருகிறது. பலமுறை சிதறி அலைந்து வந்த ஒளிக்கு அந்த நினைவு இல்லை. அது படத்தில் மூட்டமாக மட்டுமே சேரும். எண்களால் சொன்னால் இதன் கடுமை புரியும். ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்துமுறை சிதறும் திசு என்று வைத்துக்கொள்வோம். தோலுக்கு இது மிகையான கணக்கு அல்ல. ஒரு மில்லிமீட்டர் ஆழம்வரை சிதறாமல் சென்று, சிதறாமல் திரும்பும் ஒளி 22,000இல் ஒரு பங்குதான். இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு அதே கணக்கைப் போட்டால் 48 கோடியில் ஒரு பங்கு. நல்ல ஓசிடி கருவி ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒளியையும் உணரும் என்றாலும், அந்த ஆழத்திலுள்ள திசுவும் தன்மேல் விழுந்ததில் மிகச் சிறு பகுதியையே நம் பக்கம் திருப்புகிறது. மேலிருந்து வரும் மூட்டமும் கூடிக்கொண்டே போகிறது. விளக்கின் ஆற்றலை இரட்டிப்பாக்கினால் என்ன கிடைக்கும் என்று மாணவர்கள் கேட்பார்கள். இதே கணக்கில் 0.07 மில்லிமீட்டர் கூடுதல் ஆழம் கிடைக்கும், அவ்வளவுதான்.

அலைநீளத்தை மாற்றுவது அதைவிடப் பயனுள்ளது. அலைநீளம் கூடக்கூடச் சிதறல் குறைகிறது. அதனால் தோலுக்கும் தமனிக்கும் பல்லுக்கும் 1300 நானோமீட்டர் பக்கம் போகிறோம். அதே ஒளியை விழித்திரைக்குப் பயன்படுத்த இயலாது. கண்ணுக்குள் போய்த் திரும்பும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீர்ப்பாதை அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆகவே கண்ணுக்கு 840 நானோமீட்டர், விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலத்தையும் பார்க்க வேண்டுமானால் 1050 நானோமீட்டர் என்று வகுத்துக்கொண்டார்கள். தங்கள் தாயாருக்குப் படமெடுத்த கருவியை அப்படியே மூக்கின்மேல் திருப்ப முடியாததற்கு முதற்காரணம் இது. அதன் குவியமைப்பும் கண்ணின் லென்ஸையும் கணக்கில் சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. தோலுக்கென்று தனிக் கருவிகள் உண்டு. அவையும் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரையே காண்கின்றன, சில இடங்களில் இரண்டு. கருவி மேம்பட்டால் இது பத்து மில்லிமீட்டராகும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். தடை கருவியில் இல்லை, திசுவில் இருக்கிறது.

ஆழத்தைப்போலவே இன்னொரு தடையும் உண்டு, அதைக் குறைவாகவே பேசுகிறார்கள். பயாப்ஸியில் எடுத்த துண்டை நான்கைந்து மைக்ரான் தடிப்பில் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். ஹெமட்டாக்ஸிலின் உட்கருவை நீலஊதாவாக்கும், இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். உட்கரு பெருத்திருக்கிறதா, வடிவம் கோணியிருக்கிறதா, செல் பிளந்துகொண்டிருக்கிறதா என்பதை வைத்தே நோயியல் வல்லுநர் "இது புற்று" என்றோ "இல்லை" என்றோ சொல்கிறார். ஓசிடியில் சாயம் இல்லை. அதற்குத் தெரிந்த ஒரே வேறுபாடு ஒளிவிலகல் எண்ணின் வேறுபாடு. மென்திசுக்களில் அது பெரும்பாலும் 1.35க்கும் 1.45க்கும் இடையில்தான் ஏறியிறங்குகிறது. கொலாஜனும் கொழுப்பும் உட்கருவும் தத்தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. எல்லாம் சாம்பலின் வெவ்வேறு அளவுகள். தங்கள் தாயாரின் படத்தில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் இருந்திருக்கலாம். அவை கணினி பூசிய வண்ணங்கள்; அதிகம் ஒளி திரும்பிய இடம் சிவப்பு, குறைவாகத் திரும்பிய இடம் நீலம். சிவப்பு என்றால் இரத்தம் என்று பலர் பதறியதைக் கேட்டிருக்கிறேன்.

"எங்கே", "எத்தனை தடிப்பு" என்ற கேள்விகளுக்கு ஓசிடி மிக நேர்மையாக விடை சொல்லும் என்பதும், "அது என்ன" என்ற கேள்விக்கு ஊகத்தையே தரும் என்பதும் விழித்திரையிலேயே தெரியும். விழித்திரைப் படத்தின் அடிப்பகுதியில் ஒளியுணர் செல்களின் இடத்தில் ஒரு பளிச்சென்ற கோடு ஓடும். அது அறுபட்டிருந்தால் பார்வை குறைந்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதில் ஐயமில்லை. அந்தக் கோடு எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்பதில்தான் சண்டை. முதலில் அதை ஒளியுணர் செல்லின் உட்துண்டும் வெளித்துண்டும் சேரும் எல்லை என்றார்கள். 2014இல் வல்லுநர் குழு ஒன்று கூடி, உட்துண்டில் மைட்டோகாண்ட்ரியா நெருங்கியிருக்கும் நீள்வட்டப் பகுதி என்று பெயரை மாற்றியது. பழைய விளக்கமே சரி என்று வாதிடுவோர் அதன்பின்னும் இருக்கிறார்கள். உலகெங்கும் அன்றாடம் பார்க்கப்படும் கோடு ஒன்றுக்கே இந்த நிலை. நீரிழிவு நோயாளிகளின் படத்தில் தெரியும் சின்னஞ்சிறு பளிச்சிடும் புள்ளிகளும் அப்படித்தான்: கசிந்த கொழுப்புப் புரதம் என்பார் சிலர், அழற்சிச் செல்கள் என்பார் சிலர், இரண்டும் இருக்கலாம். நீர்கோத்த இடம் கறுப்புக் குமிழாகத் தெரிவதில் மட்டும் இத்தகைய குழப்பம் குறைவு. தெளிந்த நீரில் சிதறுவதற்கு ஒன்றுமில்லை, அதனால் இருட்டு. அது ஓட்டை என்று எண்ண வேண்டாம்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கறிக்கடையில் வாங்கிவந்த ஆட்டுக்கண்ணின் கருவிழியை ஒருமுறை படமெடுத்துக்கொண்டிருந்தோம். உலர்ந்துவிடாமலிருக்க மேலே மெல்லிய கண்ணாடி வில்லை ஒன்றை வைத்திருந்தோம். கருவிழியின் நடுவே சாய்வாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. நூல்களில் இல்லாத ஓர் அடுக்கைக் கண்டுவிட்டோம் என்ற நினைப்பில் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அதை அளந்து குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மாணவி மேசையைச் சற்று உயர்த்தியபோது, கருவிழி மேலே போக, அந்தக் கோடு மட்டும் கீழே இறங்கியது. திசுவின் பகுதியாக இருந்தால் திசுவோடு போயிருக்க வேண்டும். நிறமாலை முறையில், ஒப்பீட்டுத் தளத்துக்கு (ஒப்பீட்டுக் கண்ணாடியின் பாதைக்குச் சமமான தொலைவுக்கு) அந்தப் பக்கம் இருக்கும் பொருளையும் இந்தப் பக்கம் இருக்கும் பொருளையும் கணிதம் பிரித்தறிவதில்லை. தளத்துக்கு அப்பால் இருந்த கண்ணாடி வில்லையின் மேற்பரப்பு தலைகீழாக மடிந்து கருவிழிக்குள் வந்து விழுந்திருந்தது. இது ஆடிப்பிம்பம் என்ற நன்கறிந்த பிழை. மருத்துவமனைக் கருவிகளிலும், மிகுந்த கிட்டப்பார்வையால் நீண்டு வளைந்த கண்களில், விழித்திரையின் ஓரம் இப்படி மடிந்து தெரிவதுண்டு. அன்று முதல் எந்தப் புதிய கோட்டைக் கண்டாலும் முதலில் மேசையை நகர்த்திப் பார்க்கிறேன்.

இரத்தக்குழாயின் நிழல் கீழுள்ள அடுக்குகளை மறைப்பதும், கண்புரை இருந்தால் படம் முழுவதும் மங்கி அடுக்குகளைக் கணினி தவறாக வரைவதும் இதே வகைப் பிழைகள்தான். படம் மேல்கீழாக நீட்டிக் காட்டப்படுவதையும் நினைவில் கொள்ள வேண்டும்: பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் அகலமும் 2 மில்லிமீட்டர் ஆழமும் ஏறத்தாழ ஒரே அளவாக வருமாறு அச்சிடுவதால், சிறு மேடும் மலையாகத் தெரியும்.

இதயத் தமனிக்குள் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது தங்கள் கேள்விக்கு வெளிச்சம் தரும். வெளியிலிருந்து இதயத்தை எட்ட முடியாது என்பதால், மெல்லிய ஒளியிழையைக் குழாய் வழியே தமனிக்குள் செலுத்தி, சுழற்றிக்கொண்டே பின்னிழுக்கிறார்கள். இரத்தச் சிவப்பணுக்கள் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால், அந்தச் சில விநாடிகளுக்கு நிறமூட்டு மருந்தைப் பீய்ச்சி இரத்தத்தை விலக்க வேண்டும். கொழுப்புத் திட்டின் மேலுள்ள மூடி 65 மைக்ரானுக்கும் மெலிந்தால் ஆபத்து என்று நோயியல் கூறுகிறது. உயிருள்ள மனிதரில் அந்த அளவை அளக்கும் திறன் ஓசிடிக்கு உண்டு, தமனிக்குள் செல்லும் அல்ட்ராசவுண்டுக்கு இல்லை. இதுவரை உறுதி. அப்படி அளந்து சிகிச்சை செய்தால் நோயாளிக்கு நன்மை கூடுகிறதா என்பதில் விடை ஒருமுகமாக இல்லை. 2023இல் வெளியான இலுமியன்-4 ஆய்வில், ஓசிடி வழிகாட்டலில் பொருத்திய ஸ்டென்ட்கள் நன்றாக விரிந்திருந்தன, ஆனால் இரண்டாண்டுக்குள் அந்தக் குழாய் சார்ந்த பாதிப்பு 7.4 விழுக்காடு, வழக்கமான முறையில் 8.2, இந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதன்று. அதே ஆண்டின் அக்டோபர் என்ற ஆய்வு, தமனி கிளைபிரியும் சிக்கலான இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. அங்கே பாதிப்பு 14.1 விழுக்காட்டிலிருந்து 10.1 ஆகக் குறைந்தது. நன்றாகத் தெரிவதும் நன்மை விளைவதும் ஒன்றல்ல என்பதைக் கருவி கட்டுகிறவர்களாகிய நாங்கள் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இப்போது மூக்கோர முடிச்சு. தோலில் ஓசிடிக்கு ஓரளவு வலுவான சான்று உள்ள இடம் ஒன்று உண்டென்றால் அது அடித்தளச் செல் புற்று எனப்படும், மெதுவாக வளரும் தோல்புற்றுதான்; அது முகத்தில், குறிப்பாக மூக்கைச் சுற்றி அடிக்கடி வருவது. ஓசிடியில் அது உட்தோலுக்குள் இருண்ட முட்டை வடிவக் கூடுகளாகவும், அவற்றைச் சுற்றிப் பளிச்சிடும் இழைத்திசுவாகவும் தெரியும். மேல்தோலும் உட்தோலும் சேரும் எல்லைக்கோடு அங்கே கலைந்திருக்கும். செல் தெரியாவிட்டாலும், செல்கள் கூடிக் கட்டிய கூடு தெரிகிறது. அமைப்பில் ஏற்படும் மாற்றத்தைக் காண்பதுதான் இந்தக் கருவியின் பலம். அறுவைக்குமுன் எல்லையைக் குறிக்கவும், களிம்பிட்டுக் குணப்படுத்தும்போது மீதி உள்ளதா என்று பார்க்கவும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அதே இடத்தில் மெலனோமா என்னும் கொடிய கருந்தோல் புற்றைச் சந்தேகித்தால், ஓசிடியை நம்பி ஒதுக்கிவிட முடியாது. அதன் அடையாளம் பெரிதும் தனித்தனிச் செல்களின் மாறுபாட்டில் இருக்கிறது. ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே வேர்விட்ட கட்டியின் அடிப்பகுதியும் படத்தில் வராது. மேற்பரப்பில் கெட்டியான பொருக்கு இருந்தால் மேற்பகுதியே சரியாக வராது. அடித்தளச் செல் புற்றிலும் உள்வகைகள் உண்டு. மெல்லிய இழைகளாக ஊடுருவும் வகை கூடுகட்டுவதில்லை, அதைத் தவறவிடும் வாய்ப்பு கூடுதல். சிகிச்சையின் அளவை முடிவு செய்வதோ அந்த உள்வகைதான். ஆகவே தோல் மருத்துவர் துண்டெடுக்கச் சொல்வது கருவி இல்லாத குறையால் என்று நான் கருதவில்லை. ஓசிடி அவர் மேசையிலேயே இருந்திருந்தாலும் பெரும்பாலும் இதையே சொல்லியிருப்பார், எந்த இடத்தில் துண்டெடுப்பது என்பதை மட்டும் அதைப் பார்த்து முடிவு செய்திருக்கலாம். மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் கத்தியால், அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுக்கும் சிறு வேலை அது.

கண் விஷயத்தில் தங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தாயாரின் அறிக்கையில் விழித்திரையின் மையத் தடிப்பு மைக்ரான் கணக்கில் ஓர் எண்ணாக இருக்கும். அடுத்தமுறை வேறொரு மருத்துவமனையில், வேறு நிறுவனத்தின் கருவியில் எடுத்த எண்ணை அதனோடு ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு கருவியும் விழித்திரையின் அடியெல்லையை வெவ்வேறு கோட்டில் வைக்கிறது: பழைய ஸ்ட்ராட்டஸ், மேலே சொன்ன அந்தச் சர்ச்சைக்குரிய கோட்டோடு நின்றுவிடும், ஸ்பெக்ட்ராலிஸ் என்ற மற்றொரு நிறுவனத்தின் கருவி அதற்கும் கீழேயுள்ள புரூக் சவ்வுவரை அளக்கும். இதனால்தான் நீரிழிவு வீக்கத்தை ஆராயும் மருத்துவ ஆய்வுகளில், வீக்கம் என்று கொள்வதற்கான வரம்பை ஸ்ட்ராட்டஸில் 250 மைக்ரான் என்றும், ஸ்பெக்ட்ராலிஸில் பெண்களுக்கு 305, ஆண்களுக்கு 320 என்றும் தனித்தனியாக வைத்தார்கள். ஒரே கண், ஒரே நாள், இரண்டு கருவி. ஒன்றில் 245, மற்றொன்றில் 310 என்று வந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருளில்லை. கூடுமானவரை ஒரே கருவியில் எடுங்கள்; முடியாதபோது எண்ணை விட்டுவிட்டு, பழைய படத்தின் அச்சுப் பிரதியையே கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கறுப்புக் குமிழ்கள் கூடியிருக்கின்றனவா, வற்றியிருக்கின்றனவா என்பதை அவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.